பூட்டிய கதவுக்குள் ஒரு விடுமுறை



சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, திருப்பலி முடிந்து கோவில் வாசலுக்கு வந்தபோது ஒரு தாய் தம் மகன்மேல் வழக்குடன் காத்துநின்றார். கையிலே தொலைபேசி, அதிலே ஒரு படம். நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் வாழும் மகன் முதல்நாள் அனுப்பியது. ஏழு வயதுப் பேத்தி வெண்பனியின்மேல் சிறியதொரு தடுக்கைப் போட்டு, அதிலே குந்தியிருந்து பாண் தின்கிறாள். பின்னாலே பனி மூடிய மரங்கள். பிள்ளை வாய் நிறையச் சிரிக்கிறாள்.

"சுவாமி, இதைப் பாருங்கோ. பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய் ஐசுக்குள்ள இருத்தி வைச்சிருக்கிறான். ஒரு தகப்பன் செய்யிற வேலையே இது? நீங்கள் ஒருக்கால் போனிலை கதைச்சு நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னால் அவன் கேக்கிறான் இல்லை."

சிரித்துக்கொண்டு கடந்துபோயிருக்கலாம். பேரன் பேத்திகளைப் பற்றிய முறைப்பாடுகளுக்கு எங்கள் கோவில் வாசலில் ஒருநாளும் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் தாயின் முகத்தில் இருந்தது உண்மையான பயம். அந்தப் பயத்தின் வரலாறு எனக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இந்த மகனுக்கு வயது ஏழு. வீட்டு முற்றத்திலே குழி வெட்டி, பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, அதற்குள்ளே எத்தனை இரவுகள் இந்தத் தாய் அவனை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார்! விமானச் சத்தம் ஓய்ந்தபின்னும் "வெளியிலை தலையை நீட்டாதை" என்று சொல்லுவார். அந்தச் சொல்தான் அவனை உயிரோடு வைத்தது. அன்றைக்கு அன்பு என்பதற்கு வேறு பொருள் இல்லை. பிள்ளையை உள்ளே வைத்திருப்பவரே நல்ல தாய்.

ஆகவே அவருடைய கேள்வியை மதித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வைத்திருப்பதுதான் காவல் என்று உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, அந்தப் பாடத்தை வேறொரு நாட்டிலே பிறந்த பிள்ளைக்கும் கற்பிக்கக் கடமைப்பட்டதா? அன்றேல், அங்கே அதே பாடம் பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகிவிடுமா?

அன்றிரவே மகனோடு பேசினேன். அவர் கோபிக்கவில்லை.

"அம்மா வந்து சொல்லுவா எண்டு தெரியும், பாதர். ஆனால் போன வருசம் நடந்ததை நான் அவவுக்குச் சொல்லேல்லை. அதைக் கேட்டுப்போட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்றார்.

நோர்வேயில் பாடசாலைகளுக்கு நத்தார் விடுமுறையை விட, மாசி மாத அளவில் ஒரு கிழமை குளிர்கால விடுமுறை உண்டு. இடத்துக்கு இடம் கிழமை மாறும். ஒஸ்லோவில் அது ஆண்டின் எட்டாவது கிழமை. அந்நாட்டவருக்கு அந்தக் கிழமை வீட்டில் இருப்பதற்கு அல்ல. நாட்டின் சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சத்துக்குச் சற்று மேல்; மலையிலும் காட்டிலும் கடற்கரையிலும் அவர்கள் வைத்திருக்கும் ஓய்வு வீடுகளோ நான்கு இலட்சத்துக்கும் மேல். பலர் அங்கே போவார்கள். போக இடமில்லாதவர்கள் நகரத்தை அடுத்த காட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆட்களோ, அவர் சொன்னபடி, மேலதிக வேலை எடுப்பார்கள், சமைப்பார்கள், வீடு துப்புரவாக்குவார்கள், பிள்ளைகளைக் கணிதம் படிக்க இருத்துவார்கள். "வெளியிலை குளிர்" என்ற ஒரு வசனத்தோடு கதவு பூட்டப்பட்டுவிடும்.

போன வருடம் அந்தக் கிழமை முழுவதும் அவருடைய மகள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். திங்கட்கிழமை வகுப்பிலே பிள்ளைகளை வட்டமாக இருத்தி, விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். சில நாட்களின் பின் பெற்றோர் சந்திப்புக்குத் தகப்பன் போனபோது அதே ஆசிரியை மகிழ்ச்சியோடு சொன்னாராம்: உங்கள் மலை வீட்டைப் பற்றி உங்கள் மகள் எவ்வளவு அழகாகச் சொன்னாள், இரவிலே அடுப்பு மூட்டியதையும், வாசலிலே மானின் காலடி கிடந்ததையும்.

"எங்களுக்கு மலை வீடு இல்லை, பாதர். நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்" என்றார் அவர். அந்த ஆசிரியைக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டாவது பொய்யைச் சொன்னவர் அவர்.

வாசகர்களே, ஆறு வயதுப் பிள்ளையின் அந்தப் பொய்யை என்ன செய்வது? பொய் பொய்தான் என்று நானும் படித்திருக்கிறேன், படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் பசியிலே பாண் எடுத்த பிள்ளையைக் கண்டால் களவைப் பற்றிப் பேசுமுன் பசியைப் பற்றிக் கேட்பது நீதி. இந்தப் பிள்ளைக்கு எதிலே பசி? மலை வீட்டிலே அல்ல. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பேசுகிற ஒரு மொழியிலே தனக்கும் சொல்ல ஒரு வசனம் வேண்டும் என்பதிலே. தான் பிறந்த ஊரிலேயே அவள் அந்நியமாய் இருந்தாள். அவளை அந்நியமாக்கியவர்கள் வெள்ளையர் அல்லர். அவளை மிகவும் நேசித்த இருவர்.

அந்நாட்டு மக்கள் வெளியே போவதை வெறும் பொழுதுபோக்காக எண்ணுவதில்லை. அதற்கு 'ஃபிரிலுஃப்ட்ஸ்லீவ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கட்டற்ற காற்றிலே வாழ்தல் என்று பொருள் சொல்லலாம். ஹென்றிக் இப்சன் 1859இல் எழுதிய ஒரு நெடுங்கவிதையிலே அச்சொல் வருகிறது. 1957இலே அதற்கு ஒரு சட்டமும் இயற்றினார்கள். பயிர்செய்யப்படாத காடும் மலையும் எவருடையதாயினும், உரியவரிடம் கேளாமலே எவரும் அங்கே நடக்கலாம், சறுக்கலாம். உழுத வயலுக்குள் கோடையில் இறங்கக் கூடாது. ஆனால் நிலம் உறைந்து, அல்லது பனி மூடிக் கிடக்கும்போது அதுவும் திறந்துவிடும். வீட்டு வளவு மட்டும் விலக்கு. வெளியே போக முடியாத காலம் என்று எங்கள் ஆட்கள் எதனை நினைத்துக் கதவைப் பூட்டுகிறார்களோ, அந்தக் காலத்திலேதான் அந்த நாடு தன் கதவுகளை அதிகமாகத் திறக்கிறது.

சொந்தக் காணியின் வேலியை எட்டிப் பார்க்கவே அனுமதி கேட்டு, ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்த சனம் நாங்கள். பிறர் காணிக்குள் கேளாமல் நடக்கலாம் என்ற சட்டம் எங்கள் காதுக்கு ஏறாததில் வியப்பில்லை. அந்த மகனும் இதைத்தான் சொன்னார்: "முதல் தரம் காட்டுக்குள்ள போன நேரம், ஆரும் வந்து மறிப்பினமோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனன், பாதர்." நாற்பது வயது கடந்த மனிதர். மகள் முன்னாலே ஓடிக்கொண்டிருந்தாள்.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். வெள்ளைக்காரர் செய்வதையெல்லாம் நாமும் செய்யத்தான் வேண்டுமா? படிப்பை விட்டுப் பனியில் உருள்வது ஒரு கடமையா?

கேள்வியின் பிற்பகுதியை முதலில் எடுப்போம். பள்ளிக்கூடம் என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொற்கள் பல, 'ஸ்கொலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் முதற்பொருள் ஓய்வு. ஓய்வு உள்ளவனே உண்மையைக் கற்க முடியும் என்று கருதியவர்கள் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய இடத்துக்கு அனுப்புவதற்காகவே நாம் பிள்ளையின் ஓய்வைப் பிடுங்கி ரியூசனுக்குக் கொடுக்கிறோம். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று அரிஸ்ரோட்டில் சொன்னதைப் புனித தோமஸ் அக்குவினாஸ் எடுத்து விரித்திருக்கிறார். அங்கே அவர் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் பட்டார்களாம். அருளப்பர் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் எய்யச் சொன்னார். இப்படி ஓயாமல் எய்துகொண்டே இருப்பாயோ என்று கேட்டார். எய்தால் வில் முறிந்துவிடும் என்றான். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். தோமஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தானும் விளையாடாமல் பிறர் விளையாட்டையும் கெடுப்பவன் குற்றமுள்ளவன் என்கிறார். எங்கள் வீடுகளிலே இந்தக் குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர்களை நான் இன்னும் காணவில்லை!

ஆனால் ஓய்வு மட்டுமே காரியமாயின் அதை வீட்டுக்குள்ளும் எடுக்கலாமே. இங்கேதான் பயத்தின் பக்கம் வர வேண்டியிருக்கிறது.

துணிவு என்ற நற்பண்புக்கு இருபுறமும் பள்ளம் உண்டென்று அறநூலார் சொல்வர். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவது ஒரு பக்கம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது மறுபக்கம். இதை அறிவீனம் என்று வள்ளுவரும் கண்டித்திருக்கிறார். எனவே பேத்தியைப் பற்றிப் பாட்டி பயந்தது முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் கொல்லும். கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டென்று நோர்வேயில் ஒரு பழமொழி உண்டாம். கேட்க நன்றாயிருக்கிறது, முழு உண்மை அல்ல. 1967ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் விடுமுறையில் வெளியே உலாவப் போன அந்நாட்டவருள்ளே 18 பேர் மாண்டுபோனார்கள். மலையிலே பிறந்து வளர்ந்த சனத்துக்கே அது நேர்ந்தது.

அதன்பின் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கதவைப் பூட்டச் சொல்லவில்லை. செஞ்சிலுவைச் சங்கமும் மலை உலாச் சங்கமும் சேர்ந்து, மலைக்குப் போவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகளை நாடெங்கும் பரப்பின. ஒன்பது விதிகள், பிள்ளைகளும் அறிந்தவை. போகுமிடத்தை ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ. காலநிலையைக் கேட்டுப் போ. புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாய்ப் போ. எல்லாவற்றிலும் என் மனதைப் பிடித்தது எட்டாவது விதி. காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அது. பயத்தை மறுக்காமல், அதைப் பிடரியில் ஏறவும் விடாமல், பக்கத்திலே ஒரு துணையாய்க் கூட்டிக்கொண்டு போகும் வழி இது. பதுங்குகுழியில் வளர்ந்த எங்களுக்கு இந்த நடுவழி பழக்கமில்லை. எங்களுக்கு உள்ளே அல்லது வெளியே, உயிர் அல்லது சாவு.

பழக்கமில்லை என்று சொல்வதுங்கூடச் சரியோ தெரியவில்லை. எங்கள் கடற்றொழிலாளர் மாரிகாலத்து வாடைக் கடலுக்குள் போகும்போது இதைத்தானே செய்து வந்தார்கள்? மாலையிலே வானத்தைப் பார்ப்பார்கள், காற்றின் திசையைப் பார்ப்பார்கள். வலை போடுமுன்னே கடல் குழம்பினால் வெறுங்கையோடு திரும்புவார்கள். கரையில் எவரும் கேலி செய்வதில்லை. நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள உறவே அந்தத் தொழிலிலேதான் தொடங்கியது. 1956இல் அங்கே போய்ச் சேர்ந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரம் அந்நாட்டின் மீன்பிடித் தொழிலைக் கற்று, பின்னர் நோர்வேஜியரின் துணையோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் எழ வழிசெய்தார். படகும் வலையும் செய்தார்கள். 1980களிலே அகதிகளாய்ப் போன எங்கள் இளைஞர்கள் பலர், சூரியனே எழாத வடகோடி ஊர்களின் மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள்; இருட்டிலே, பனிப்புயலிலே நடந்து வேலைக்குப் போனார்கள். கூலிக்காக வெளியே போகத் துணிந்தவர்கள், பிள்ளையோடு வெளியே போகத் துணியாதது ஏன் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

இனி, வெள்ளைக்காரரைப் பின்பற்றுவதா என்ற கேள்வி. நம்முடைய பிள்ளை நோர்வேஜியனாக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கொண்டுபோவது எவ்வளவு நியாயமோ, ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கொண்டுபோவதும் அவ்வளவு நியாயம் என்பதே என் எண்ணம். முன்னையது பெற்றோரின் ஊர். பின்னையது அவளுடைய ஊர். எங்கள் ஊரை அவள் அறிய வேண்டும் என்று கண்டிப்பாய் இருக்கும் நாம், அவள் ஊரை நாம் அறிய மறுத்தால், அந்தக் கொடுக்கல் வாங்கலில் நேர்மை எங்கே?

மகன் இந்த வருடம் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒஸ்லோவின் சுரங்க ரயில் ஒன்று நிலத்துக்கு மேலே ஏறி, நகரத்துக்கு மேலுள்ள காட்டின் விளிம்பாகிய ஃபுரொக்னர்செத்தர் வரை போகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளத்துக்குச் சறுக்கி இறங்கும் பாதை ஒன்று வளைந்து வளைந்து வருகிறது; போத்தல் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கீழே வந்தவர்கள் மறுபடி ரயில் ஏறி மேலே போவார்கள். முதல்நாள் அவர் அதற்குத் துணியவில்லை. பக்கத்திலுள்ள சிறு சரிவிலே, கைபிடி வைத்த ஒரு பிளாஸ்ரிக் தட்டிலே மகளை இருத்தித் தள்ளிவிட்டார். எங்கள் காலத்தில் தென்னம் மட்டையிலே ஒருவன் குந்த, மற்றவன் இழுத்துக்கொண்டு ஓடுவானே, அதுதான். மகள் பத்துத் தரம் இறங்கியபின், "அப்பா, இப்ப நீங்கள்" என்றாளாம். அவர் இறங்கினார். விழுந்தார். இரண்டு பேருமாய்ச் சிரித்தார்கள். "அவள் எனக்கு எப்பிடிக் காலை வைக்கிறது எண்டு சொல்லித்தந்தாள், பாதர். எல்லாத்துக்கும் நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறது. அண்டைக்கு அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்" என்று சொன்னபோது அவர் குரல் மாறியது. அதற்கு மேலே அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

வெளிநாட்டு உறவினருக்கு இப்பத்திரிகையைப் படித்துக் காட்டுவோர் சிலர் இருப்பதால், அவரிடம் கேட்டறிந்த இரண்டொரு காரியங்களையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தாய்மார் பிள்ளைக்கு உள்ளே பருத்திச் சட்டையைப் போட்டு, மேலே தடித்த அங்கி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அது பிழை. பிள்ளை ஓடி வியர்த்ததும் பருத்தி நனைந்து உடம்பைக் குளிரப்பண்ணும். தோலோடு படுவது கம்பளியாய் இருக்க வேண்டும். நனைந்தாலும் அது சூட்டை விடாது. மேலே இன்னும் ஒரு கம்பளி, அதற்கு மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. மாற்றுக் கையுறை ஒன்று பையில் இருக்க வேண்டும். சறுக்குப் பலகை முதலியவற்றைக் காசு வாங்காமல் இரவல் கொடுக்கும் நிலையங்கள் பல ஊர்களில் உண்டு. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நத்தார்க் காலத்தில் ஒஸ்லோவிலே பகல் ஏறக்குறைய 6 மணித்தியாலமே. மாசி விடுமுறைக்குள் அது 10 மணித்தியால அளவுக்கு நீண்டுவிடும். ஆகவே நத்தாரிலே போவோர் மதியத்துக்கு முன்னே புறப்பட வேண்டும். வெயில் பட்டால் விற்றமின் டி கிடைக்கும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நாட்டுக் குளிர்காலச் சூரியன் அதற்குப் போதாது. எங்கள் நிறத்துக்கு இன்னும் போதாது. அதற்கு மீன் எண்ணெய்தான். சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தோமே, அதே எண்ணெய்.

யாழ்ப்பாணத் தமிழில் உடுத்து ஆயத்தமாவதற்கும் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கும் 'வெளிக்கிடுதல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். குளிர்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அங்கே உடுப்பதுதான் பாதிப் பயணம். ஆனால் அந்தப் பாதிப் பயணத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் தகப்பன்மார் யோசிக்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்த தாய் எழும்பிப் பாண் வெட்டி, தேநீர் ஊற்றி, ஐந்து அடுக்கு உடுப்பைப் போட்டுவிட்டு, மாலையில் நனைந்த உடுப்பெல்லாம் காயப்போட்டால், அது அவளுக்கு விடுமுறை அல்ல, இன்னொரு வேலை. இவ்வருடம் தன் மனைவி வீட்டில் படுத்துத் தூங்கினார் என்று மகன் சொன்னார். குடும்பமாய்ப் போவதே சிறப்பு என்று நான் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அந்தத் தூக்கமும் நீதிதான்.

இந்த ஊரிலே இருக்கும் நாங்கள் இதை வாசித்துத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. மார்கழி விடுமுறையில் எங்கள் ஒழுங்கைகளைப் பாருங்கள். பனியும் இல்லை, புயலும் இல்லை, குண்டும் இல்லை. பிள்ளைகளையும் காணவில்லை.

மறு ஞாயிறு அந்தத் தாய் மீண்டும் வந்தார். தடை போடச் சொல்லி அனுப்பிய தூதன் தடையில்லாமல் திரும்பிவந்ததை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பேத்தி சொன்ன பொய்யையும், மகனின் அனுமதியோடு, சொன்னேன். கோவில் வாங்கிலே இருந்து கேட்டார். கன நேரம் பேசவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தைத் திரும்பவும் பார்த்தார். விரலாலே பெரிதாக்கிப் பார்த்தார்.

"தொப்பி காதுக்கு மேலை ஏறிக் கிடக்குது சுவாமி. அடுத்தமுறை கொண்டுபோகேக்கை வடிவாய் இழுத்துவிடச் சொல்லுங்கோ."